வைட்டமின் மாத்திரை: இரண்டு டப்பாவில் எதை எடுப்பது?

அக்காவின் தைராய்டு ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். பல வருடமாக ஒரே அளவில் தைராய்டு மாத்திரை சாப்பிட்டு வருகிறவள் அவள். திடீரென்று தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அடிமட்டத்துக்குப் போயிருந்தது, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 மேலே ஏறியிருந்தது. ரிப்போர்ட்டை மட்டும் நம்பினால் மாத்திரையின் அளவை அன்றைக்கே குறைத்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்குப் படபடப்பு இல்லை, கை நடுக்கம் இல்லை, எடையும் குறையவில்லை. "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்டார். "மருந்தெல்லாம் இல்லை டாக்டர். முடி கொட்டுதுன்னு ஒரு வைட்டமின், அவ்வளவுதான்" என்றாள் அக்கா.

அந்த 'அவ்வளவுதான்' மாத்திரையில் பயோட்டின் 10,000 மைக்ரோகிராம் இருந்தது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குப் போதும் என்று வைத்திருக்கும் அளவு 30 மைக்ரோகிராம். அதைவிட முந்நூறு மடங்குக்கும் மேல். பல ஆய்வகங்களின் சோதனை முறையே பயோட்டினை ஒட்டுப்பசை போலப் பயன்படுத்திச் செய்யப்படுவது. ரத்தத்தில் பயோட்டின் மிதமிஞ்சி இருந்தால் அந்த ஒட்டலில் புகுந்து கணக்கைக் குழப்பிவிடும். டி.எஸ்.எச். இருப்பதைவிடக் குறைவாகவும் டி4 இருப்பதைவிடக் கூடுதலாகவும் தெரியும். தைராய்டு அதிகமாகச் சுரப்பவருக்கு வருவது போலவே ரிப்போர்ட் வரும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோப்போனின் சோதனைக்கும் இந்தக் கோளாறு உண்டு. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017-ல் இதைப் பற்றி எச்சரித்தபோது, ட்ரோப்போனின் தவறாகக் குறைந்து காட்டியதால் ஒருவர் இறந்ததையும் சொல்லியிருந்தது.

அக்கா அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தாள். எல்லாம் பழையபடி சரியாக இருந்தது. தைராய்டு மாத்திரையின் அளவில் கை வைக்கவே தேவைப்படவில்லை.

அன்று மாலை அந்த டப்பாவைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் '10,000'. அது ஏதோ சாதனை மாதிரி அச்சிடப்பட்டிருந்தது. ரத்தப் பரிசோதனை பற்றி டப்பாவில் ஒரு வரிகூடக் கிடையாது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சத்து மாத்திரை எதுவானாலும் நான் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்குவதில்லை. இரண்டு டப்பாவில் எது என்று திகைத்து நிற்கிறவர்களுக்கு, நான் எதை எதோடு ஒப்பிடுகிறேன் என்று எழுதுகிறேன்.

கூட்டு மாத்திரையா, தனிச் சத்தா?

கடையில் முதல் குழப்பமே இதுதான். இருபது முப்பது சத்துகள் சேர்ந்த மல்டிவைட்டமின் ஒன்று, 'டி மட்டும்', 'பி12 மட்டும்' என்று தனித்தனி டப்பாக்கள் இன்னொன்று.

ரத்தப் பரிசோதனையில் ஒரு குறிப்பிட்ட சத்து குறைவு என்று தெரிந்திருந்தால் நான் தனிச் சத்தின் பக்கம். மல்டிவைட்டமினில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். குறைபாட்டைச் சரிசெய்யும் அளவு பெரும்பாலும் இருக்காது. கால்சியத்தைப் பாருங்கள்: ஒரு நாளைக்குத் தேவையான 1,000 மில்லிகிராமை முழுசாகப் போட்டால் மாத்திரையை விழுங்கவே முடியாது. அதனால் கூட்டு மாத்திரைகளில் கால்சியம் பேருக்குத்தான் இருக்கும். 'கால்சியமும் இருக்கு' என்று நம்பி வாங்குகிறவர்கள் அந்த வரியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எந்தக் குறையும் தெரியாமல், 'உடம்புக்கு நல்லது' என்பதற்காக வாங்குவதானால், கூட்டு மாத்திரையிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். புற்றுநோயையும் இதய நோயையும் தடுக்க மல்டிவைட்டமின் உதவுமா என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022-ல் மறுபடி ஆராய்ந்தது. ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. அதே அறிக்கையில் பீட்டா கரோட்டின் (உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் பொருள்), வைட்டமின் ஈ இரண்டையும் அந்த நோக்கத்துக்காகச் சாப்பிட வேண்டாம் என்று தெளிவாகவே பரிந்துரைத்தது.

கூட்டு மாத்திரைதான் என்று முடிவு செய்துவிட்டால், 'ஆண்களுக்கு', 'பெண்களுக்கு', '50 வயதைக் கடந்தவர்களுக்கு' என்று மூன்று டப்பா இருக்கும். அவற்றின் பட்டியல்களை அருகருகே வைத்துப் படித்தால் தெரியும், பெரிய வித்தியாசம் பல சமயம் இரும்பு ஒன்றுதான். அமெரிக்கக் கணக்குப்படி மாதவிலக்கு இருக்கும் வயதுப் பெண்களுக்கு இரும்பு 18 மில்லிகிராம் தேவை. மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்கும், ஆண்களுக்கும் 8 போதும், அது சாப்பாட்டிலேயே வந்துவிடுவது வழக்கம். உடம்பில் சேரும் கூடுதல் இரும்பை வெளியேற்ற நம் உடம்பிடம் தனி வழி எதுவும் இல்லை. ஆகவே 60 வயது அப்பாவுக்கு வாங்கும்போது, டாக்டர் இரும்பு வேண்டும் என்று சொல்லாதவரை, இரும்பு இல்லாத டப்பாவைத்தான் எடுப்பேன்.

எத்தனை மாத்திரைக்கு அந்தக் கணக்கு?

பின்பக்கத்தில் நான் முதலில் தேடுவது சத்தின் பெயரை இல்லை. பட்டியலின் தலையில் 'ஒரு வேளை அளவு' என்று ஒரு வரி இருக்கும். அது ஒரு மாத்திரையா, இரண்டா, நான்கா? கீழே போட்டிருக்கும் எண்கள் எல்லாம் அந்த அளவுக்கானவை. ஒரு டப்பாவில் '500 மில்லிகிராம்' என்பது இரண்டு மாத்திரைக்கு, இன்னொன்றில் ஒன்றுக்கு. 60 மாத்திரை உள்ள முதல் டப்பா ஒரு மாதம்தான் வரும், இரண்டாவது இரண்டு மாதம் வரும். விலையை ஒப்பிடுவதாக இருந்தால் டப்பாவுக்கு டப்பா ஒப்பிடக் கூடாது, ஒரு நாளைக்கு என்ன ஆகிறது என்று வகுத்துப் பார்க்க வேண்டும். செல்போனில் பத்து விநாடி வேலை.

அடுத்தது அலகு. ஒரு மில்லிகிராம் என்பது 1,000 மைக்ரோகிராம். பொடி எழுத்தில் இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம், கண் தவறினால் ஆயிரம் மடங்கு தவறும். வைட்டமின் ஏ, டி, ஈ மூன்றுக்கும் ஐ.யு. (சர்வதேச அலகு) என்ற பழைய அலகும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. வைட்டமின் டி-க்கு மாற்றுவது சுலபம்: 40 ஐ.யு. என்றால் 1 மைக்ரோகிராம். ஒரு டப்பாவில் '25 மைக்ரோகிராம்', பக்கத்து டப்பாவில் '1,000 ஐ.யு.' என்று இருந்தால் இரண்டும் ஒன்றேதான். 1,000 பெரிதாகத் தெரிகிறதே என்று அதை எடுக்கிறவர்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

60,000 ஐ.யு. என்று போட்ட டி3 கேப்ஸ்யூலைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். அது குறைபாடு இருப்பவர்களுக்கு, டாக்டர் சொல்லும் சில வாரங்களுக்கு மட்டும், பெரும்பாலும் வாரம் ஒன்று என்று கொடுக்கப்படுவது. தினசரி மாத்திரையைப் போலவே இருக்கும் அதை எடுத்துத் தினமும் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் எகிறும். வாந்தி, குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். பெரியவர்கள் தாங்களாகத் தினமும் எடுக்கக்கூடிய உச்ச வரம்பு 4,000 ஐ.யு., அதாவது 100 மைக்ரோகிராம். 70 வயதுக்குள் இருப்பவரின் சாதாரணத் தேவை 600. வீட்டில் 60,000 இருந்தால் அட்டையிலேயே பேனாவால் கிழமையை எழுதிவையுங்கள்.

உப்பின் எடையா, சத்தின் எடையா?

தாது மாத்திரைகளை ஒப்பிடும்போது நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கால்சியத்தைத் தனி உலோகமாக மாத்திரையில் போட முடியாது. கார்பனேட், சிட்ரேட் என்று ஏதாவது ஓர் உப்பாகத்தான் வரும். 'கால்சியம் கார்பனேட் 1,250 மில்லிகிராம்' என்று ஒரு டப்பா. அந்த எடையில் கால்சியம் 40 சதவீதம், அதாவது 500 மில்லிகிராம். பக்கத்தில் 'கால்சியம் சிட்ரேட் 1,000 மில்லிகிராம்'. இதில் கால்சியம் 21 சதவீதம், அதாவது 210. முன்பக்கத்து எண்களை மட்டும் பார்த்தால் 1,250-க்கும் 1,000-க்கும் அதிக வித்தியாசம் இல்லை. உள்ளே பார்த்தால் ஒன்று மற்றதில் பாதிகூட இல்லை. ஒழுங்கான லேபிளில் 'கால்சியம் (கார்பனேட்டாக) 500 மில்லிகிராம்' என்றோ 'தனிமக் கால்சியம்' என்றோ தெளிவாக எழுதியிருக்கும். உப்பின் எடையை மட்டும் சொல்லிவிட்டுச் சத்தின் எடையைச் சொல்லாத டப்பாவை நான் எடுப்பதில்லை.

அதற்காகக் கார்பனேட்தான் உசத்தி என்று ஓடிவிடக் கூடாது. கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். அசிடிட்டிக்காக அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தொடர்ந்து எடுக்கிறவர்களுக்குச் சிட்ரேட் தோதானது, அது வெறும் வயிற்றிலும் உறிஞ்சப்படும். சிலருக்குக் கார்பனேட் மலச்சிக்கலும் வயிற்று உப்பசமும் கொடுக்கும். சிட்ரேட்டின் சங்கடம், ஒரே அளவு கால்சியத்துக்கு அதிக மாத்திரை விழுங்க வேண்டும். எதுவானாலும் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போனால் உறிஞ்சும் விகிதம் குறைகிறது. 'ஒரே மாத்திரையில் 1,000' என்று பெருமையடிக்கும் டப்பாவைவிட, இரண்டு வேளையாகப் பிரித்துச் சாப்பிடக்கூடிய 500 மேல்.

இரும்பிலும் இதே கதை. ஃபெரஸ் சல்பேட் 325 மில்லிகிராம் மாத்திரையில் இரும்பு 65 மில்லிகிராம். அதே எடை ஃபெரஸ் ஃப்யூமரேட்டில் சுமார் 106. ஃபெரஸ் குளுக்கோனேட்டில் 40-க்கும் கீழே. மூன்றிலும் பெரிய எழுத்தில் ஒரே 325 இருக்கும். ஒன்று தீர்ந்துபோய் இன்னொன்றை 'அதே பவர்தானே' என்று வாங்கினால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார நேரிடும் அல்லது ரத்தசோகை சரியாகாமல் இழுத்துக்கொண்டே போகும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இரும்பு மாத்திரையைக் கைக்கெட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து ஒரு கைப்பிடி விழுங்கிய குழந்தைகள் உயிரிழந்திருக்கிறார்கள்.

மெக்னீசியத்துக்கு நேர்மாறான பாடம். மெக்னீசியம் ஆக்சைடில் எடையில் 60 சதவீதம் மெக்னீசியம். எண்ணிக்கையில் அதுதான் முன்னே நிற்கும். ஆனால் அது சரியாகக் கரையாது, உறிஞ்சப்படுவதும் குறைவு, வயிற்றைப் போகச் செய்யும். சிட்ரேட்டிலும் கிளைசினேட்டிலும் சதவீதம் குறைவு, உள்ளே சேர்வது அதிகம். எண் பெரிதாக இருப்பதும் உடம்பில் சேர்வதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பெயரில் ஒட்டியிருக்கும் சின்ன எழுத்து

வைட்டமின்களிலும் ஒரே சத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சிலவற்றில் வித்தியாசம் நிஜம், சிலவற்றில் விளம்பரம்.

டி2, டி3 இரண்டில் வித்தியாசம் நிஜம். ரத்தத்தில் வைட்டமின் டி அளவை உயர்த்துவதிலும் உயர்ந்த அளவை நீடிக்க வைப்பதிலும் டி2-வைவிட டி3 அதிகம் கைகொடுக்கும். சைவத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறவர்கள் இங்கே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வழக்கமான டி3 ஆட்டு ரோமத்தின் எண்ணெய்ப் பசையிலிருந்து எடுக்கப்படுவது. பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வளரும் லைக்கனிலிருந்து எடுத்த டி3-யும் கிடைக்கிறது, இருந்தால் லேபிளில் அதைச் சொல்லியிருப்பார்கள். கேப்ஸ்யூலின் கூடு ஜெலட்டினா, தாவரச் செல்லுலோஸா என்பது 'இதர பொருட்கள்' என்ற கடைசி வரியில் இருக்கும்.

பி12-ல் நடக்கும் மெத்தில்கோபாலமின், சயனோகோபாலமின் சண்டை பெரும்பாலும் விளம்பரம்தான் என்பது என் முடிவு. 'சயனோ' என்ற பெயரைக் கேட்டுச் சயனைடு என்று பயப்படுகிறார்கள். அதில் இருப்பது பொருட்படுத்தத் தேவையில்லாத துளி. சயனோகோபாலமின் எளிதில் கெடாது, நீண்ட காலமாக ஆராயப்பட்டது, விலையும் குறைவு. உறிஞ்சப்படுவதில் மெத்தில் வடிவம் மேலானது என்று நிரூபணம் இல்லை. டாக்டர் குறிப்பாக எழுதிக் கொடுக்காதவரை நான் சயனோவையே எடுப்பேன்.

ஃபோலேட்டில் (வைட்டமின் பி9) கவனம் தேவை, அதுவும் குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களுக்கு. கருவின் நரம்புக்குழாய்க் குறைபாட்டை (மூளையும் தண்டுவடமும் சரியாக உருவாகாத பிறவிக் குறையை) தடுப்பதில் ஃபோலிக் அமிலத்தின் பலன் 1991-ல் பிரிட்டனில் வெளியான பெரிய ஆய்வில் உறுதியானது. அதற்கு முன் அப்படிப் பாதிக்கப்பட்ட குழந்தையைப் பெற்றவர்களிடையே, மறுபடி அப்படி நேரும் அபாயம் 72 சதவீதம் குறைந்தது. மெத்தில்ஃபோலேட் என்ற வடிவத்தை 'உடம்பு நேரடியாக ஏற்கும்' என்று உயர்த்திப் பேசுகிறார்கள், ஆனால் நரம்புக்குழாய்க் குறைபாட்டைத் தடுக்கும் என்று நிரூபணமானது ஃபோலிக் அமிலம்தான். தேவை பொதுவாக 400 மைக்ரோகிராம், கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். சில லேபிள்களில் இதை 'உணவு ஃபோலேட்டுக்குச் சமமான அளவு' என்று சுமார் 670 அல்லது 680 எனப் போட்டிருப்பார்கள். அது அதே 400-தான். இரட்டிப்பு அளவு என்று பயந்து பாதியாக உடைத்துச் சாப்பிட வேண்டாம்.

வைட்டமின் ஏ-யில் ரெட்டினால் வடிவமா, பீட்டா கரோட்டினா என்று பாருங்கள். கர்ப்பிணிகள் ரெட்டினாலை அதிக அளவில் எடுத்தால் குழந்தைக்குப் பிறவிக் குறைகள் வரலாம். பீட்டா கரோட்டினில் அந்தப் பயம் இல்லை. ஆனால் புகைபிடிப்பவர்களுக்கு அது ஆபத்து. ஃபின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட ஆண் புகைப்பழக்கக்காரர்களிடம் நடந்து 1994-ல் வெளியான ஆய்வில், தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பித் தொடங்கிய ஆய்வு அது. புகைபிடிக்கும் உறவினருக்கு 'கண்ணுக்கு நல்லது' என்று ஒரு டப்பா வாங்கித் தரும்முன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

சதவீதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது

பட்டியலின் வலது ஓரத்தில் 'தினசரித் தேவையில் இத்தனை சதவீதம்' என்று இருக்கும். நூறைத் தாண்டினால் கெடுதல், பல நூறானால் அதிக பலன் என்று இரண்டு விதமாகவும் தப்பாகப் புரிந்துகொள்கிறோம்.

பி12 1,000 மைக்ரோகிராம் மாத்திரையில் அந்தச் சதவீதம் நாற்பதாயிரத்தைத் தாண்டும். பார்த்தால் தலைசுற்றும். ஆனால் வாய்வழியாக அவ்வளவு கொடுத்தாலும் குடல் உறிஞ்சுவது ஒரு சதவீதத்தை ஒட்டிய அளவுதான். மிச்சம் வெளியே போய்விடும். பி12-க்கு உச்ச வரம்பு என்று எதுவும் வைக்கப்படவில்லை.

வைட்டமின் ஏ-க்கு வாருங்கள். ரெட்டினாலாக 3,000 மைக்ரோகிராம், அதாவது 10,000 ஐ.யு. பெரியவர்களுக்கு உச்ச வரம்பு. சதவீதத்தில் அது வெறும் 333. அதற்கு மேல் நாள்கணக்கில் போனால் ஈரலுக்கும் எலும்புக்கும் கேடு. துத்தநாகம் 40 மில்லிகிராம் அமெரிக்க வரம்பு, அதுவும் தேவையின் நான்கு, ஐந்து மடங்குக்குள்தான். அதற்கு மேல் தொடர்ந்தால் உடம்பில் செம்பு குறையும். பி6 'நரம்புக்கு வலு' என்ற பெயரில் 50, 100 மில்லிகிராம் என்று விற்கப்படுகிறது. தேவை ஒன்றரை மில்லிகிராம் அளவுதான். நீண்ட நாள் அதிக அளவில் எடுத்தால் அதே நரம்புகள் பாதிக்கப்பட்டு விரல் நுனிகளும் பாதங்களும் மரத்துப்போகும். அமெரிக்காவில் உச்ச வரம்பு 100 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் தன் வரம்பை 12 ஆக இறக்கிவிட்டது. கை கால் மரத்துப்போகிறது என்று பி6 வாங்கி, மரத்துப்போவது கூடக்கூட இன்னொரு டப்பா வாங்கும் சுழலில் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது.

வைட்டமின் ஈ 400 ஐ.யு. கேப்ஸ்யூலும் அப்படித்தான். 35,000 ஆண்களுக்கும் மேல் கலந்துகொண்ட ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. தினமும் 400 ஐ.யு. சாப்பிட்டவர்களிடையே புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது. சருமத்துக்கு என்று சொல்லி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆக, அதிக அளவா குறைந்த அளவா என்ற கேள்விக்கு எல்லாச் சத்துக்கும் ஒரே பதில் கிடையாது. அந்தச் சத்தின் உச்ச வரம்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணை எடைபோட முடியும். இதில் கூட்டல் கணக்கும் உண்டு. மல்டிவைட்டமினில் கொஞ்சம் டி, கால்சியம் மாத்திரையில் கொஞ்சம் டி, எலும்புக்கு என்று வாங்கியதில் மறுபடி டி, தனியாக ஒரு டி. நான்கு டப்பாவையும் மேஜையில் வரிசையாக வைத்து, ஒரு தாளில் சத்துவாரியாக எழுதிக் கூட்டினால்தான் ஒரு நாளைக்கு உள்ளே போவது தெரியும்.

'பிரத்யேகக் கலவை 800 மில்லிகிராம்' என்று போட்டு, அதன் கீழே பத்துப் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று சொல்லாத டப்பாவை இந்தக் கூட்டலில் சேர்க்கவே முடியாது. அதை அப்படியே அலமாரியில் திருப்பி வைத்துவிடுகிறேன்.

கம்மி, சொட்டு, மாத்திரை

மென்று தின்னும் கம்மி வகைகள் இன்று பிள்ளைகளுக்கு மட்டும் இல்லாமல் பெரியவர்களுக்கும் விற்கப்படுகின்றன. விழுங்க முடியாதவர்களுக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை சேரும், தாதுக்கள் குறைவாக இருக்கும், சுவை கெடும் என்பதால் இரும்பை விட்டுவிடுவார்கள். மாத்திரையைவிடச் சீக்கிரம் சத்தை இழக்கும். எல்லாவற்றுக்கும் மேல், குழந்தைக்கு அது மிட்டாய். சொட்டு மருந்தில் பார்க்க வேண்டியது ஒன்றே: எண் ஒரு சொட்டுக்கா, ஒரு மில்லிலிட்டருக்கா? கைக்குழந்தைகளுக்கு டி சொட்டு கொடுக்கும்போது இந்த ஒரு குழப்பம் பல மடங்கு டோஸாக மாறிவிடும்.

முத்திரைகள்

பல நாடுகளில் சத்து மாத்திரைகளுக்கு மருந்துகளைப் போல விற்பனைக்கு முன் ஒப்புதல் பெறத் தேவையில்லை. அமெரிக்காவில் 1994-ல் வந்த சட்டப்படி அப்படித்தான். அதனால் டப்பாவில் போட்டது உள்ளே இருக்கிறதா என்பதை வெளியார் யாராவது சோதித்தார்களா என்று பார்ப்பது பயன் தரும். யு.எஸ்.பி., என்.எஸ்.எஃப். போன்ற அமைப்புகளின் முத்திரை இருந்தால், சொன்ன அளவு இருக்கிறதா, ஈயம் போன்ற கலப்பு இருக்கிறதா என்பவை சோதிக்கப்பட்டிருக்கும். 'ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது' என்று யார் சோதித்தார்கள் என்ற பெயரே இல்லாத வாசகத்துக்கு அந்த மதிப்பு இல்லை. தரமான உற்பத்தி முறை என்ற குறி தொழிற்சாலையின் ஒழுங்கைப் பற்றியது, கையில் இருக்கும் டப்பாவைப் பிரித்துச் சோதித்ததாக அர்த்தம் இல்லை. எந்த முத்திரையும் இது உங்களுக்கு வேண்டுமா என்பதைச் சொல்லாது.

காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதிகத் தள்ளுபடியில் கிடைக்கும் பெரிய டப்பா, தேதிக்குள் தீருமா என்று கணக்குப் போட்டபின் எடுக்கலாம்.

ஏற்கெனவே சாப்பிடும் மருந்து

இதுதான் லேபிளில் மிகக் குறைவாக இருப்பது. 'மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்கவும்' என்ற பொதுவான ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். எந்த மருந்து, எந்தச் சத்து என்று நாமேதான் பொருத்திப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் வைட்டமின் கே இருக்கும் மாத்திரையைத் தாங்களாகத் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. இப்போது 'டி3 + கே2' என்று ஒன்றாகவே வருவதால் டி என்று நினைத்து கே-யையும் வாங்கிவிட வாய்ப்பு அதிகம். கால்சியம், இரும்பு, மெக்னீசியம், துத்தநாகம் ஆகியவை சிப்ரோஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்குகளைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம், அவர்களுக்குத் தேவை ஒரு ரத்தப் பரிசோதனை, பிறகுதான் டப்பா. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்புக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும்.

அந்தக் கடைசி விஷயம் அக்காவுக்குத் தெரியாமலே இருந்தது. பயோட்டின் பிரச்சினை முடிந்த பிறகு, அவளுக்கு டி குறைவு, கால்சியமும் சாப்பாட்டில் போதவில்லை என்று டாக்டர் தினம் 500 மில்லிகிராம் கால்சியமும் 1,000 ஐ.யு. டி3-யும் எழுதினார். கடையில் மூன்று டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டோம். முதலாவது கால்சியம், டி3, கே2, துத்தநாகம், பயோட்டின் எல்லாம் சேர்ந்த கூட்டு. பயோட்டின் வரியைப் பார்த்ததும் அக்காவே அதை ஓரமாக நகர்த்தினாள். இரண்டாவது கார்பனேட், ஒரே மாத்திரையில் 500, விலை குறைவு. மூன்றாவது சிட்ரேட், 500 வர இரண்டு மாத்திரை. அவள் அசிடிட்டிக்குத் தினமும் மாத்திரை எடுக்கிறவள் என்பதால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்துச் சிட்ரேட்டை எடுத்தோம். டி3-யைத் தனி டப்பாவாக வாங்கினோம், அளவை டாக்டர் மாற்றினால் கால்சியத்தைத் தொடாமல் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காக.

தைராய்டு மாத்திரை விடிந்ததும் வெறும் வயிற்றில். சிட்ரேட் ஒன்று மதியம், ஒன்று இரவு. டி3 மதியச் சாப்பாட்டோடு, எண்ணெய்ப் பசை இருக்கும் சாப்பாட்டில் அது நன்றாகச் சேரும். இந்த நேரங்களை ஒரு தாளில் எழுதி மருந்துப் பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கிறாள். அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது இரண்டு டப்பாவின் பின்பக்கத்தையும் செல்போனில் படமெடுத்துக்கொண்டு போய், டாக்டர் கேட்பதற்கு முன்பே நீட்டினாள்.